தொட்டாச்சிணுங்கி வந்த வழி

மலாய் மொழியில் சிம்பாங் என்றால் சந்தி, அம்பாட் என்றால் நான்கு. வடக்கே புக்கிட் மெர்தாஜாம், தெற்கே சுங்கை பாக்காப், அதையும் தாண்டினால் நிபோங் திபால், மேற்கே கடலோரத்துப் புக்கிட் தம்புன் என்று வழி பிரியும் நாற்சந்திதான் எங்கள் ஊர் சிம்பாங் அம்பாட். பினாங்கு என்றதும் எல்லோருக்கும் ஜார்ஜ்டவுன்தான் நினைவுக்கு வரும். நாங்கள் இருப்பது கடலுக்கு இந்தப் பக்கம், பெருநிலத்தில், தென் செபராங் பிறை மாவட்டத்தில். கரும்பு இருந்த நிலம் ரப்பரானது, ரப்பர் செம்பனையானது, செம்பனை இப்போது தாமான் குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆகிக்கொண்டிருக்கிறது. ஒன்று அழிந்து இன்னொன்று எழும்புவதற்கு நடுவே சில வருடங்கள் நிலம் சும்மா கிடக்கும். அப்படிக் கிடக்கிற மனை ஒன்று எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கிறது.

மாலை ஏழு மணிக்கு அங்கே போய் நின்றால் ஒரு காட்சி கிடைக்கும். யாரும் தொடாமலே, காற்றும் அசையாமலே, தரை முழுக்கப் படர்ந்திருக்கும் ஒரு செடி தன் இலைகளை மூடிக்கொள்ளும். பச்சையாக இருந்த தரை கொஞ்ச நேரத்தில் மெலிந்து, அடியிலிருக்கும் செம்மண் வெளியே தெரியும். தொட்டாச்சிணுங்கி தூங்கப் போகும் நேரம் அது.

எழுத்தில் தொட்டாற்சுருங்கி, வாயில் தொட்டாச்சிணுங்கி. சுள்ளென்று கோபப்படும் பிள்ளையையும் இதே பெயரால்தான் கூப்பிடுகிறோம். மலாய்க்காரர்கள் செமாலு என்பார்கள். மாலு என்றால் வெட்கம். இந்தோனேசியாவில் அது வெட்கப்படும் இளவரசி. சீனத்திலும் நாணப் புல் என்றே பெயர். பிலிப்பீன்ஸில் மகாஹியா, அதுவும் வெட்கம்தான். வடமொழியில் லஜ்ஜாலு, வங்காளியில் லஜ்ஜாபொதி. லின்னேயஸ் 1753இல் தாவரங்களை முறைப்படுத்தி வெளியிட்ட நூலில் இதற்கு மிமோசா புடிகா என்று பேரிட்டார். புடிகா என்ற லத்தீன் சொல்லுக்கும் நாணமுள்ளவள் என்றுதான் பொருள். ஆளாளுக்கு ஒரு மொழி, ஆனால் எல்லோரும் வெட்கத்தையே இதில் கண்டிருக்கிறார்கள். சமோவாத் தீவுக்காரர்கள் மட்டும் கொஞ்சம் விலகி, அச்சப் புல் என்றார்கள். தமிழ்ப் பெயர்களில் எனக்குப் பிடித்தது சுருங்கிதான். அது செடிக்கு எந்தக் குணத்தையும் ஏற்றிச் சொல்லவில்லை. தொட்டால் சுருங்கும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஒரு குணத்தை மட்டும் வைத்து அடையாளம் சொல்லப் போனதால், படித்தவர்களே நூற்றுக்கணக்கான ஆண்டுகள் குழம்பியிருக்கிறார்கள். இந்தச் செடியின் பயணக் கதையில் பாதி அந்தக் குழப்பம்தான்.

பிறந்த ஊர் அமெரிக்காவின் வெப்பமண்டலம். லின்னேயஸ் தன் நூலில் இதன் இருப்பிடம் பிரேசில் என்று எழுதினார். அட்லாண்டிக் கடலைக் கடந்து ஐரோப்பாவுக்குப் போன விதைகள் முதலில் பணக்காரர்களின் தோட்டங்களில் வேடிக்கைப் பொருளாக வளர்ந்தன. இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ் 1661இல், தொட்டால் சுருங்கும் செடிகள் ஏன் அப்படிச் சுருங்குகின்றன என்று அப்போதுதான் தொடங்கியிருந்த ராயல் சொசைட்டியிடம் கேட்டார். இலண்டனின் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் வைத்துச் செடியைச் சோதித்தார்கள். அந்தச் சோதனைக் குறிப்பு ராபர்ட் ஹுக் 1665இல் வெளியிட்ட மைக்ரோகிராபியாவில் இருக்கிறது. உயிரணுவுக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயர் முதன்முதலில் அச்சேறியதும் அதே நூலில்தான். எங்கள் மனையில் செருப்புக்காலால் மிதித்துப் போகிற களை ஒன்றுக்காக ஓர் அரசரும் ஓர் அறிவுச் சபையும் மண்டியிட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

பிரான்ஸில் தெ மேரான் என்பவர் 1729இல் தொட்டால் சுருங்கும் செடி ஒன்றை வெளிச்சமே புகாத இடத்தில் வைத்துப் பார்த்தார். சூரியன் தெரியாவிட்டாலும் பகலில் இலை விரிந்தது, இரவில் மூடியது. அதற்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்ற எண்ணம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. உடலுக்குள் ஓடும் அந்தக் கடிகாரத்தைப் பழ ஈக்களில் மூலக்கூறு அளவில் விளக்கிய மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பரிசை அறிவித்த குழு, கதையைத் தெ மேரானின் செடியிலிருந்துதான் தொடங்கியது.

இப்போது நம் பக்கம் வருவோம். போர்த்துக்கீசியர் பிரேசிலையும் கோவாவையும் ஒரே கடல்வழியால் கட்டினார்கள். ஸ்பானியர் மெக்சிகோவின் அகாபுல்கோவிலிருந்து மணிலாவுக்கு 1565 முதல் 1815 வரை கப்பல் விட்டார்கள். மிளகாய், பப்பாளி, அன்னாசி, முந்திரி எல்லாம் இப்படி வந்து சேர்ந்தவை. இன்று மிளகாய் இல்லாத ரசத்தை யாராவது கற்பனை செய்ய முடியுமா? அந்தக் கூட்டத்தோடு இந்தச் செடியும் ஆசியாவில் கால் வைத்தது. மிளகாயைக் கையில் பிடித்துக் கொண்டுவந்தார்கள். இதற்கு யாருடைய கையும் தேவைப்படவில்லை. இதன் காயின் ஓரத்தில் முரட்டு முள்மயிர்கள் வரிசையாக இருக்கும். ஆட்டு ரோமத்திலும் கைலியின் கரையிலும் சாக்கின் நூலிலும் ஒட்டிக்கொண்டு போகத் தோதான அமைப்பு அது.

இது வருவதற்கு முன்பே இந்தியாவில் தொட்டால் சுருங்கும் செடிகள் இருந்தன. குழப்பத்தின் வேர் அதுதான். மலபாரின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஹோர்டஸ் மலபாரிக்கஸ் நூலில் தொட்டாவாடி என்ற பெயரில் ஒரு செடியின் படம் இருக்கிறது. இட்டி அச்சுதன் போன்ற மலையாள வைத்தியர்கள் சொல்லச் சொல்ல உருவான நூல் அது. படத்தைப் பார்த்தால் நம் தொட்டாச்சிணுங்கி இல்லை. ஒற்றைக் குச்சியின் உச்சியில் குடைபோல இலைகளை விரித்து நிற்கும், மஞ்சள் பூப் பூக்கும், முள்ளே இல்லாத சின்னஞ்சிறு செடி. பயோபைட்டம் என்று இன்றைய தாவரவியலார் சொல்லும் இனம், புளியாரைக்குச் சொந்தக்காரன். கேரளத்தில் இன்று அதை முக்குற்றி என்கிறார்கள், தசபுஷ்பத்தில் ஒன்றாக வைக்கிறார்கள். தொட்டாவாடி என்ற அதன் பழைய பெயர் என்னவாயிற்று? அமெரிக்காவிலிருந்து வந்த முள்செடிக்குப் போய்விட்டது. இன்று கேரளத்தில் யாரைக் கேட்டாலும் தொட்டாவாடி என்று மிமோசாவைத்தான் காட்டுவார்கள்.

வந்தவன் இருந்தவனின் பெயரையே எடுத்துக்கொண்டான். ஆகவே பழைய வைத்திய நூல்களில் லஜ்ஜாலு என்று எழுதியிருந்தால், அது எந்தச் செடி என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். பழைய சுவடியில் பேர் இருக்கிறது, அதனால் இது நம் மண்ணின் மூலிகை என்று மேடையில் முழங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதற்றமாக இருக்கும். பெயர் பழையதாக இருக்கலாம். செடி அதே செடிதானா என்பது வேறு கேள்வி. மலபாரில் ஒரு தத்துவ ஞானி தொட்டால் சுருங்கும் செடியின் இரகசியத்தை யோசித்து யோசித்துப் புத்தி பேதலித்துப் போனான் என்று ஒரு கதை ஐரோப்பியத் தாவர நூல்களில் நெடுங்காலம் உலவியது. அந்த ஞானி பார்த்தது எந்தச் செடியை என்று அந்த நூல்களிலிருந்து தெளிவாகாது.

பினாங்குத் தீவில் 1786இல் பிரான்சிஸ் லைட் கொடி ஏற்றினார். எங்கள் கரையைக் கெடா சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி 1800இல் பெற்று வெல்லஸ்லி மாநிலம் என்று பேர் வைத்தது. எங்களுக்கு அருகிலுள்ள பத்து காவான் பக்கம் முதலில் கரும்பு போட்டவர்கள் சீனர்கள். 1840களில் ஐரோப்பியத் துரைமார்கள் பெரும் கரும்புத் தோட்டங்களைத் திறந்தார்கள். அந்தக் கரும்புக்காட்டுக்குத்தான் நாகப்பட்டினத்திலிருந்து நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். 1910இல் ஒப்பந்த முறை ஒழிந்தது. அதற்குள் கரும்பு போய் ரப்பர் வந்துகொண்டிருந்தது. பிறகு கங்காணிகள் திரட்டிய கூட்டம் வந்தது. தீவை ஒட்டிய புலாவ் ஜெரஜாக்கில் நோய்த் தடுப்புக்கென்று ஆட்களை நிறுத்திவைத்து, எண்ணிப் பார்த்து, பிறகுதான் தோட்டத்துக்கு விட்டார்கள். மனிதர்களை எண்ணினார்கள். புடவை ஓரத்தில் ஒட்டிய முள்காயை யார் எண்ணினார்கள்?

காட்டு நிழலில் இந்தச் செடி வளராது. அதற்கு வெயில் வேண்டும், கிளறிய மண் வேண்டும், மனிதர்களும் மாடுகளும் நடமாடும் பாதையோரம் வேண்டும். காட்டை வெட்டித் தோட்டம் போட்ட ஒவ்வொரு இடமும் அதற்குக் குடியிருப்பாயிற்று. எங்களைக் கொண்டுவந்த அதே வேலைதான் அதற்கும் இடம் போட்டுக் கொடுத்தது. வந்த இடத்தில் எங்களையும் அதையும் எதிரெதிரே நிறுத்தியதும் அந்த வேலைதான்.

ரப்பர் மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்பது ஆரம்பகாலத் தோட்டத் துரைமார்களின் சட்டம். பால்மரத்தின் உரத்தை வேறு எதுவும் தின்னக் கூடாதாம். அதனால் சரிவுகளில் மண் மழையோடு ஓடியது. இருபதுகளிலும் முப்பதுகளிலும்தான் அது தவறு என்று உணர்ந்து, தரையை மூடும் பயற்றுக் கொடிகளைப் போட ஆரம்பித்தார்கள். அதுவரை அந்தக் களையை எடுத்த கைகள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களின் கைகள். வெளிக்காட்டு வேலை என்று அதற்குப் பெயர். பால் வெட்டும் வேலையைவிடக் கூலி குறைவு, வெயில் அதிகம். என் அம்மா அந்த வேலைக்குப் போனவர். தொட்டாச்சிணுங்கி அவருக்கு விளையாட்டுச் செடியாக இருந்ததே இல்லை. "இந்தச் சனியன் கண்ணுக்குத் தெரியாமப் படுத்துக்கிட்டு காலைக் கிழிக்கும்டா" என்பார். இலை மூடிக்கொண்டால் முள் வெளியே வரும் என்பது அவர் கணுக்கால் படித்த பாடம். புத்தகத்தில் நான் அதைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன்.

கை களைத்த இடத்தில் மருந்து வந்தது. லாலான் புல்லைக் கொல்ல முதலில் சோடியம் ஆர்சனைட் என்ற பாஷாணக் கரைசலை அடித்தார்கள். அறுபதுகளில் அந்த இடத்துக்குப் பாராகுவாட் வந்தது. முதுகில் தொட்டியைச் சுமந்துகொண்டு, நாளெல்லாம் பம்பு அடித்துக்கொண்டு போனவர்களும் பெரும்பாலும் பெண்களே. நகம் அழுகியது, மூக்கில் இரத்தம் வந்தது, கண் எரிந்தது என்று தோட்டம் தோட்டமாகப் பெண்கள் சொன்னவற்றை, பெண் தொழிலாளர்களின் உரிமைக்காகப் போராடிய தெனாகனித்தா அமைப்பும், பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பூச்சிமருந்து எதிர்ப்புச் செயல் வலைப்பின்னலும் சேர்ந்து 2002இல் அறிக்கையாக வெளியிட்டன. அதே வருடம் மலேசிய அரசு பாராகுவாட்டைத் தடை செய்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. முழுத் தடை 2020 ஜனவரி 1 அன்றுதான் நடப்புக்கு வந்தது. இத்தனை வருடம் அடித்த விஷத்தில் களை அழிந்ததா? என் வீட்டு எதிரே வந்து பாருங்கள். அதன் விதை கெட்டித் தோல் போர்த்திக்கொண்டு மண்ணுக்குள் வருடக்கணக்கில் காத்திருக்கும். அடித்தவர்களின் நுரையீரலுக்கும் தோலுக்கும் அப்படி ஒரு போர்வை இல்லை.

இந்தச் செடி எப்படி மூடிக்கொள்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் வெட்கம் என்ற கதை அங்கேதான் உடைகிறது. ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும், சிற்றிலைகளைத் தாங்கி விரல்போலப் பிரியும் ஒவ்வொரு கிளையின் அடியிலும், மொத்தக் காம்பின் அடியிலும் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். முழங்கை மூட்டு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூட்டிலிருக்கும் அணுக்கள் தண்ணீரால் விறைத்திருப்பதால்தான் இலை நிமிர்ந்து நிற்கிறது. தொட்டால் ஒரு மின்துடிப்பு ஓடுகிறது. மூட்டின் ஒரு பக்கத்து அணுக்களிலிருந்து பொட்டாசியமும் குளோரைடும் வெளியேற, பின்னாலேயே தண்ணீரும் வெளியேறுகிறது. அந்தப் பக்கம் தளர்ந்து இலை மடிகிறது. இலை நுனியை மட்டும் மெல்லத் தொட்டால் ஜோடி ஜோடியாக வரிசையில் மூடிக்கொண்டு போவதைக் கண்ணால் எண்ணலாம். அழுத்திக் கிள்ளினால் விரல்கள் ஒன்றோடொன்று நெருங்கும், கடைசியில் காம்பே தொங்கிவிடும். தண்ணீர் திரும்ப ஏறி இலை விரியப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அதற்குள் பிள்ளைகள் பொறுமை இழந்து அடுத்த செடிக்குப் போய்விடுவார்கள்.

அந்த மின்துடிப்பை அளப்பதற்கென்றே கருவிகளைத் தன் கையால் வடிவமைத்தவர் ஜகதீஷ் சந்திர போஸ். கல்கத்தாவில் 1917இல் அவர் நிறுவிய ஆய்வகத்தில் தொட்டாச்சிணுங்கி முக்கியமான ஆய்வுச் செடி. விலங்கின் நரம்பில் ஓடுவதுபோலச் செடியிலும் செய்தி ஓடுகிறது என்று அவர் சொன்னபோது ஐரோப்பிய உடலியலாளர் பலர் ஏற்கவில்லை. 1926இல் வந்த தாவரங்களின் நரம்பு இயக்கம் பற்றிய நூலில் தன் கட்சியை முழுதாக எடுத்து வைத்தார். செடிகளில் மின்செய்தி ஓடுகிறது என்பது இன்று பாடப்புத்தகச் சேதி. அவருக்கும் முன்னால், பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார்ட் கண்ணாடிக் குடுவைக்குள் இந்தச் செடிக்கு ஈதர் புகை காட்டினார். அறுவை மேசையில் படுத்த மனிதனைப் போலச் செடியும் உணர்விழந்தது. புகை விலகியதும் மீண்டும் தொடுகைக்கு மடங்கியது.

எதற்காக மூடிக்கொள்கிறது? ஜப்பானின் சைத்தாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் இதற்கு நேரான பதில் சொன்னார்கள். இலை அசையாதபடி செய்த செடிகளையும் இயல்பான செடிகளையும் வெட்டுக்கிளிகளுக்கு முன்னால் வைத்தார்கள். அசைய முடியாதவற்றின் இலைகள் அதிகமாகத் தின்னப்பட்டன. கடிக்கும் வாய்க்கு அடியில் இலை திடீரென்று சரிந்தால் பூச்சிக்குப் பிடி நழுவும். ஆடு மேய வந்தால் பச்சை மறைந்து முள் நிற்கும். வேண்டாததற்கு மூடிக்கொண்டே இருந்தால் வெயிலில் உணவு தயாரிக்கும் நேரம் வீணாகும் அல்லவா? அதையும் செடி கவனித்துக்கொள்கிறது. மோனிகா காக்லியானோவும் கூட்டாளிகளும் 2014இல் வெளியிட்ட சோதனையில், தொட்டியோடு செடியை ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாகத் திரும்பத் திரும்ப விழ வைத்தார்கள். முதலில் மூடிய செடிகள், ஆபத்தில்லை என்று ஆனதும் மூடுவதை நிறுத்தின. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து விழ வைத்தபோதும் மூடவில்லை. இதை நினைவு என்று சொல்லலாமா என்பதில் அறிவியலாளர்களுக்குள் சண்டை இருக்கிறது. நான் அந்தச் சண்டைக்குள் போகவில்லை. வெட்கம் என்று சொல்வது பொருந்தாது என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

சரி, அடையாளம். ஏழு மணிக்கு மூடிக்கொள்ளும், தொட்டால் மடங்கும் என்பதை மறந்துவிடுங்கள். காலை ஒன்பது மணிக்கு, பனி உலர்ந்த பிறகு, திடலோரத்தில் குந்தி உட்காருங்கள்.

முதலில் தண்டு. உருண்டையாக இருக்கும், சிவப்பும் பழுப்பும் கலந்த நிறம், வளைந்த முள் அங்கங்கே. இளஞ்செடி நிமிர்ந்து நிற்கும்; வயதானால் தரையோடு படரும். அடிக்கடி புல்வெட்டும் திடலில் நிமிர்வதே இல்லை, இயந்திரத்தின் கத்திக்குக் கீழே படுத்தே காலம் தள்ளும். பிடுங்கிப் பாருங்கள், எளிதில் வராது. வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். பயற்றங்குடும்பத்துச் செடி இது. முடிச்சுக்குள் இருக்கும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கிக் கொடுக்கும். மேல்மண் வழித்தெடுத்த செம்மண் மேட்டில் வேறெதுவும் பிழைக்காதபோது இது பிழைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்து இலை. நீளமான காம்பு, அதன் முனையில் ஒரே புள்ளியிலிருந்து விரல்கள் பிரியும். பெரும்பாலும் நான்கு, சில இலைகளில் இரண்டு. உள்ளங்கை இல்லாத கைபோல இருக்கும். ஒவ்வொரு விரலிலும் பத்திலிருந்து இருபத்தைந்து ஜோடி வரை மெல்லிய சிற்றிலைகள் எதிரெதிரே அடுக்கியிருக்கும். இந்த நான்கு விரல்தான் நிச்சயமான அடையாளம். நான்கு வழி பிரியும் எங்கள் ஊர்ப்பிள்ளைகளுக்கு இதை மறக்க முடியாது.

பூ, இலைக்கக்கத்திலிருந்து கிளம்பும் காம்பின் மேல் ஓர் இளஞ்சிவப்புப் பந்து. சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான் இருக்கும். பார்க்க ஒரு பூ. உண்மையில் நெருக்கியடித்து நிற்கும் பல பூக்கள். நிறமாகத் தெரிவது இதழ் அல்ல, மகரந்தத் தாள்கள். காலையில் தேனீக்கள் அதில் மகரந்தம் வாரும். மாலைக்குள் பந்து வாடிவிடும். பிறகு தட்டையான காய்கள் கொத்தாக வரும். ஒவ்வொன்றும் மூன்று முதல் ஐந்து கணுக்கள், ஓரமெல்லாம் நான் முன்பு சொன்ன முள்மயிர். முற்றியதும் கணுக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும், ஓரத்துச் சட்டம் மட்டும் கண்ணாடி இல்லாத ஜன்னலாகக் காம்பில் நிற்கும்.

ஏமாற்றுகிறவை சில உண்டு. மஞ்சள் காமாலைக்கு என்று நம் வீடுகளில் தேடும் கீழாநெல்லி இதே திடலில்தான் வளரும், தூரத்தில் பார்த்தால் இலை அதேபோல இருக்கும். அதற்கு முள் இல்லை, விரல் பிரிவதில்லை, இலைக்கு அடியில் வரிசையாகச் சின்னப் பச்சைக் காய்கள் தொங்கும். இரவில் அதுவும் இலை மடக்கும். தொட்டால் உடனே மடக்காது. மருந்துக்கு என்று மூலிகை பறிக்கப் போகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தொட்டாச்சிணுங்கியில் மிமோசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது.

இதன் பெரிய தங்கச்சி ஒன்று இருக்கிறது. அதுவும் அமெரிக்கக்காரிதான், தோட்டங்களுக்குப் பசுந்தாள் உரமாகவும் தரை மூடும் செடியாகவும் ஆசியா முழுக்க வேண்டுமென்றே கொண்டுவரப்பட்டது. தண்டைத் தடவிப் பார்த்தால் உருண்டையாக இராது, மூலை மூலையாக இருக்கும். அந்த மூலைகளில் கொக்கி முள். இலையில் நான்கு ஜோடியோ அதற்கு மேலோ விரல்கள். வேலி, மரம் எல்லாவற்றின் மேலும் ஏறிப் புதராக மூடிவிடும். மூன்றாவது ஒன்று ஆள் உயரத்துக்கு மேல் புதராக வளரும், ஆற்றோரத்திலும் சதுப்பிலும். மேக்கோங் சமவெளியிலும் ஆஸ்திரேலியாவின் வடக்கிலும் வெள்ளநிலங்களை அப்படியே விழுங்கிய இனம் அது. இந்தப் பக்கத்துக் கால்வாய்க் கரைகளில் இளஞ்சிவப்புப் பந்தோடு ஆள் உயரப் புதர் எதையாவது கண்டால், அது நம் செடி இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். விவசாயத் துறைக்குச் சொல்லுங்கள். மஞ்சள் பந்தோடு, வெள்ளைப் பஞ்சு போர்த்திய தண்டோடு குளத்தில் மிதந்தால் அது நீர்ச்சுண்டி, தாய்லாந்துக்காரர்கள் ஆசையாகத் தின்னும் கீரை. இவை மூன்றுமே தொட்டால் சுருங்கும். தொட்டுப் பார்த்து மட்டும் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மலபார்க் கதையே போதும்.

அம்மாவுக்கு வயதான பிறகு ஒருமுறை எதிர்மனைக்குக் கூட்டிப்போனேன். பேரப்பிள்ளை ஒவ்வொரு செடியாகத் தொட்டுக்கொண்டு ஓடினான். அம்மா குனிந்து, தொடாமல், இலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "விரிஞ்சிருக்கும்போது அழகாத்தான் இருக்கு, பார்க்க எங்கே நேரம் இருந்துச்சு" என்றார். அவருக்கு அந்தச் செடி எப்போதும் மூடியபடிதான் தெரிந்திருக்கிறது. மண்வெட்டி பக்கத்தில் விழுந்தாலே அது மூடிக்கொண்டிருக்கும்.

பத்து காவானிலிருந்து தீவுக்கு 2014இல் இரண்டாவது பாலம் திறந்த பிறகு எங்கள் பக்கத்து நிலத்துக்குப் புது மதிப்பு வந்துவிட்டது. எதிர்மனையிலும் கடைவீடுகள் வரப்போவதாகப் பலகை நட்டிருக்கிறார்கள். உங்கள் பக்கமும் அப்படி ஆவதற்கு முன் ஒரு காலை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டருகே இருக்கும் ஏதாவது ஒரு வெற்றுத்திடலுக்குப் போங்கள். அவர்கள் தொடுவதற்கு முன்பு விரலை எண்ணச் சொல்லுங்கள், தண்டு உருண்டையா மூலையா என்று கேளுங்கள், பூவின் நிறத்தைச் சொல்லச் சொல்லுங்கள். தொடுவது கடைசியில் இருக்கட்டும்.

பக்கத்து மனையில் போன வாரமே மண் தள்ளும் இயந்திரம் வந்துவிட்டது. வழித்த மேல்மண்ணை லோரிகளில் ஏற்றி வேறு ஏதோ ஒரு கட்டுமானத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அந்த மண்ணில் விதை இருக்கிறது.